சென்சரி கார்டனுக்கு எந்தச் செடி வாங்குவது?

கேள்வி: ஜூன் 2, மாலை 6.15

நாங்கள் ஒன்பது பேர், பதினொன்றாம் வகுப்பு. எங்கள் பள்ளியில் ஆட்டிசம், ஏடிஎச்டி (கவனம் நிலைக்காமை, மிகையான துறுதுறுப்பு) உள்ளவர்கள் நாலு பேர் படிக்கிறார்கள். அவர்களுக்காகப் பின்பக்கம் சும்மா கிடக்கும் இடத்தில் சென்சரி கார்டன், அதாவது புலன்களுக்கான தோட்டம், போடப்போகிறோம். இடம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஐந்து புலனுக்கு ஐந்து மூலை என்று படம் வரைந்தாயிற்று. மணத்துக்கு மல்லிகை, ஒலிக்குக் காற்றுமணி, தொடுவதற்குத் தொட்டாற்சிணுங்கி, கண்ணுக்குக் கலர் கலராகப் பூ, நடுவில் நீரூற்று. ருசிக்கு என்ன வைப்பதென்றுதான் தெரியவில்லை. நல்ல செடிப் பட்டியல் யாராவது கொடுங்களேன். திறப்பு விழாவுக்கு ஆறு வாரம் இருக்கிறது. அவர்கள் நாலு பேருக்கும் இது சர்ப்ரைஸ், இன்னும் சொல்லவில்லை.

ஜூன் 2, இரவு 9.40

செடி கிடக்கட்டும். முதலில் அந்த சர்ப்ரைஸைக் கைவிடுங்கள். எது எப்போது மாறுமோ என்று நாள் முழுக்கப் பதற்றத்தில் இருப்பவர்களுக்குத் திடீரென்று ஒரு பரிசா?

நாலு மூலை உள்ள இடத்தில் ஐந்து மூலை வரைந்தது பிடித்திருக்கிறது. நாங்களும் அதையேதான் வரைந்தோம். பதினொரு வருஷம் ஆகிறது. அப்போது நான் உங்கள் வகுப்பு, என் தம்பி ஒன்பதாவது, ஒரே பள்ளி. அவனுக்கு ஆட்டிசம். அவனை மனதில் வைத்துத்தான் எட்டுப் பேர் சேர்ந்து தோட்டம் போட்டோம். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவன் அக்கா, எனக்குத் தெரியாதா என்கிற திமிர்.

கிடைக்கிற நேரத்தில் எழுதுகிறேன். ஒரே மூச்சில் வராது.

ஜூன் 2, இரவு 11.05

தூக்கம் வரவில்லை, திறப்பு விழாவைச் சொல்லிவிடுகிறேன்.

மைக், ரிப்பன், கைதட்டல் எல்லாம் உண்டு. காற்றுமணி எட்டு, ஆளுக்கு ஒன்று வாங்கி வந்து தொங்கவிட்டிருந்தோம். அன்றைக்கென்று பார்த்து நல்ல காற்று. மல்லிகைக் கொடியை நுழைகிற இடத்திலேயே வளைவாகப் படரவிட்டிருந்தோம், அதைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. நீரூற்றின் மோட்டார் ஒரு சுருதியில் இரைந்துகொண்டே இருந்தது. அது எங்கள் யாருக்கும் கேட்கவே இல்லை. பிற்பாடு தம்பி சொல்லித்தான் கேட்டது, கேட்டபின் எனக்கும் அதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவன் வந்தான், நின்றான், காதைப் பொத்தினான், ஓடினான். பத்து நிமிடம் தேடினோம். மட்குக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், வலது உள்ளங்கையைக் குவியலின் பக்கவாட்டில் அழுத்தி வைத்தபடி. "இது சூடா இருக்கு" என்றான். அன்று முழுக்க அவன் பேசியது அவ்வளவுதான்.

காய்ந்த இலையும் பச்சைத் தழையும் சரியாகக் கலந்து ஈரமும் காற்றும் இருந்தால், நுண்ணுயிர்கள் வேலை செய்கிற சூட்டில் குவியலின் நடு 55, 60 டிகிரி செல்சியஸ் வரை போகும். ஓரத்தில் வெதுவெதுப்பு. சத்தம் இல்லை, ஆள் வராத இடம், முதுகுக்குப் பின்னால் சுவர். எங்கள் படத்தில் அந்த இடத்துக்கு நாங்கள் எழுதி வைத்திருந்தது: "குப்பை. விருந்தினர் கண்ணில் படாதபடி மறைக்கவும்."

ஜூன் 3, காலை 7.20

யோசித்துப் பார்த்தால் தப்பு முழுக்க எங்களுடையது அல்ல. நாங்கள் தேடிப் படித்த குறிப்புகளின் வேர் வேறு இடத்தில் இருந்தது. இந்த மாதிரித் தோட்டங்கள் முதலில் பார்வையற்றவர்களுக்காக வந்தவை. நியூயார்க்கில் புரூக்ளின் தாவரவியல் பூங்காவில் ஆலிஸ் ஐரீஸ் வடிவமைத்த மணத் தோட்டம் 1955-ல் திறந்தது. கண் செய்யாத வேலையை மூக்கும் கையும் காதும் செய்தாக வேண்டும், ஆகவே அங்கே மணத்தையும் தொடுகையையும் தாராளமாக வைப்பார்கள். அவர்களுக்கு அது சரி. காதிலும் மூக்கிலும் ஏற்கெனவே வழிய வழிய வந்து கொட்டுகிறவனுக்கு அதையே கொடுத்தால் கூடுதல் சுமைதான்.

இன்னொரு வேர் ஸ்னூசெலன். 1970களில் நெதர்லாந்தில் யான் ஹுல்செகே, அட் ஃபெர்ஹூல் என்ற இருவர் தொடங்கிய புலன் அறை. இரண்டு டச்சு வினைகளை ஒட்டிய பெயர்: மோந்து மோந்து திரிவது, கண்ணயர்வது. தோட்டம் போடுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். மோந்து பார்க்க நூறு வழி இருக்கும், கண்ணயர ஓர் இடம் இருக்காது.

ஆகவே நீங்கள் வைக்கப்போகிற ஒவ்வொன்றைப் பார்த்தும் ஒரே கேள்வி கேளுங்கள். இதை அவரே தொடங்கி அவரே நிறுத்த முடியுமா? காற்றுமணியை நிறுத்த முடியாது. மல்லிகையை நிறுத்த முடியாது. மோட்டாரை நிறுத்தலாம், ஆனால் சுவிட்ச் பெரியவர்கள் அறையில் இருக்கும்.

ஜூன் 3, மதியம் 1.10

"அக்கா, அப்படியானால் மல்லிகையே வேண்டாமா? வாங்கிவிட்டோம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கட்டும், தொலைவில் வையுங்கள். காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கக் கடைசியில். வாசலிலும் உட்காருகிற இடத்திலும் வேண்டாம்.

மணச் செடியில் இரண்டு ஜாதி உண்டு. தானாக மணப்பது ஒன்று, தொட்டால் மணப்பது ஒன்று. பூவெல்லாம் பெரும்பாலும் முதல் ஜாதி. துளசி, கற்பூரவல்லி, ரோஸ்மேரி, எலுமிச்சைப்புல் எல்லாம் இரண்டாவது. இலையில் எண்ணெய் இருக்கிறது, கசக்கினால் வரும், விட்டால் போகும். உங்களுக்கு வேண்டியது இது. புதினாவும் நல்லது, ஆனால் தொட்டியில் மட்டும். தரையில் வைத்தால் ஓடுதண்டு விட்டு ஒரே வருஷத்தில் தோட்டத்தைத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும்.

கற்பூரவல்லிக்கு இன்னொரு சிறப்பு, அந்த இலையின் தடிமனும் பூனைமுடியும். என் தம்பி அதைக் கசக்கவே மாட்டான், இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மேலும் கீழும் தேய்ப்பான். மணம் அவனுக்குப் பிடிக்காது, இலை பிடிக்கும். ஒரே செடிதான்.

ஜூன் 3, இரவு 10.30

தொட்டாற்சிணுங்கி. நேற்றே எழுத நினைத்தேன். வையுங்கள், ஆனால் தண்டில் முள் இருக்கிறது. இடுப்பு உயரத் தொட்டியில் வைத்து, இலை மட்டும் கைக்கு எட்டும்படி விட வேண்டும்.

எங்கள் தோட்டத்தில் கடைசிவரை கூட்டம் குறையாத இடம் அதுதான். தம்பியின் வகுப்பில் பேச்சு வராத பெண் ஒருத்தி உண்டு. ஒரு இலையைத் தொடுவாள், அது மூடும், திறக்கும்வரை அசையாமல் நிற்பாள். இலைக்காம்பின் அடியில் சின்னப் புடைப்பு இருக்கிறது, அதன் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறுவதால்தான் இலை சாய்கிறது. நீர் திரும்ப ஏறச் சில நிமிடங்கள் ஆகும். வகுப்பில் இரண்டு நிமிடம் உட்கார மாட்டாள் என்று பெயரெடுத்தவள் அந்தச் சில நிமிடங்களும் நிற்பாள். மரத்துக்கும் புல்லுக்கும் தொடு உணர்வு ஒன்றே என்று நம் பழைய இலக்கணத்தில் வகுத்தவர் இந்தச் செடியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்னவோ.

ஓயாமல் தொட்டுக்கொண்டே இருந்தால் சிணுங்குவதை அது நிறுத்திவிடும், பழகிக்கொள்ளும். தம்பிக்கு அந்த மோட்டார் இரைச்சல் கடைசிவரை பழகவில்லை. "கொஞ்ச நாளில் பழகிடும்" என்று அவனிடம் சொன்னவர்களில் நானும் உண்டு.

ஜூன் 4, காலை 6.50

எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் மைதானம்தானே என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. நேற்று நான் எழுதியது ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தது. என் தம்பியை வைத்தே எல்லோரையும் அளக்கிறேன். பழைய வியாதி.

அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோயறிதல் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013-ல் வந்தது. அதில்தான் புலன் உணர்வு வேறுபாடு ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. அங்கே மிகுதியும் இருக்கிறது, குறைவும் இருக்கிறது. ஒரே ஆளுக்குக் காதில் மிகுதியாகவும் தோலில் குறைவாகவும் இருக்கலாம், காலையில் ஒரு மாதிரியும் களைத்துப்போன மாலையில் வேறு மாதிரியும் இருக்கலாம். "ஆட்டிசத்துக்கு ஏற்ற செடி" என்று யாராவது பட்டியல் கொடுத்தால் நம்பாதீர்கள்.

காற்றுமணியை எடுத்தபோது தொட்டாற்சிணுங்கிக்காரிக்குக் கோபம் வந்து கம்பத்தை உதைத்தாள். அவளுக்கு அந்த ஒலி வேண்டும், நிறைய வேண்டும். பிறகு நடு நாக்கைக் கழற்றிவிட்டு, குழாய்களை மட்டும் ஒரு சட்டத்தில் கட்டி, பக்கத்தில் மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் தொங்கவிட்டோம். காற்றடித்தால் சத்தம் வராது, அடித்தால்தான் வரும். இடத்தையும் மாற்றினோம், மட்குக் குவியலுக்கு நேர் எதிர்க் கோடி. சண்டை முழுக்கத் தீர்ந்தது என்று சொல்ல மாட்டேன். அவள் அடிக்கிற நேரத்தில் இவன் வரமாட்டான். வாசலில் ஒரு பலகை மாட்டி, உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று படக்குறி திருப்பி வைத்தோம். அது ஓரளவுக்கு வேலை செய்தது.

நீரூற்றுக்குப் பதில் கைப்பம்பு. அடித்தால் தண்ணீர் கல்மேல் விழுந்து சரளைக்குள் இறங்கிவிடும். தேங்குகிற தண்ணீர் வேண்டாம், சில சென்டிமீட்டர் ஆழம்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்து. பள்ளியில் சின்ன வகுப்பும் இருக்கும் அல்லவா?

ஜூன் 4, இரவு 8.15

சின்னச் சின்னதாக:

ருசி மூலையை எடுத்துவிடுங்கள். "இந்த இலையைத் தின்னலாம், அந்த இலையைத் தின்னக்கூடாது" என்கிற விதி, கையில் கிடைத்ததை வாயில் போடுகிற பழக்கம் உள்ளவருக்குச் செல்லாது. மண்ணைத் தின்கிறவர்களும் உண்டு. அதனால் தோட்டம் முழுக்கவே தின்றாலும் கேடில்லாத செடியாக இருக்கட்டும். அரளி வேண்டவே வேண்டாம், வேர் முதல் பூ வரை விஷம். ஆமணக்கு, ஊமத்தை வேண்டாம். குண்டுமணிக் கொடி வேலியில் ஏற்கெனவே படர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பும் கறுப்புமாகக் கூப்பிடுகிற விதை அது.

பழைய ரயில் கட்டைகளை வரப்புக்குப் போடுகிறார்கள், அழகாகத்தான் இருக்கும். அதில் ஊறியிருப்பது கிரியோசோட். வெயிலில் கசியும், தோலை அரிக்கும், நாற்றம் வேறு.

மினுங்குகிற காகிதக் காற்றாடி வேண்டாம். வினாடிக்கு 3 முதல் 30 தடவை விட்டுவிட்டு வரும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆட்டிசம் உள்ளவர்களிடம் வலிப்பு நோய் மற்றவர்களைவிட அதிகம். இடைவெளி விட்டுக் கட்டிய தட்டி வேலிக்குப் பின்னால் தாழ்ந்த வெயில் இருந்தால், ஓரமாக ஓடும்போது அதே விளைவு வரும். எங்கள் வேலியை இதற்காகவே அடர்த்தியாகக் கட்டினோம்.

சக்கர நாற்காலிக்குச் சரிவு: 10 சென்டிமீட்டர் ஏற 1 மீட்டர் நீளம்.

ஜூன் 4, இரவு 8.40

மேலே சொன்ன சரிவு தப்பு. 1.2 மீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் கணக்கு, அதற்கு மேல் செங்குத்தாக வேண்டாம். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். பதினொரு வருஷம் முன்னாலும் இதையே தப்பாகப் போட்டு, சிமெண்ட் காய்ந்தபிறகு உடைத்தோம்.

ஜூன் 5, மாலை 5.30

ஐந்து புலன் என்பதை மறந்துவிடுங்கள் என்று சொல்ல வந்து மறந்துவிட்டேன். இன்னும் இரண்டு இருக்கின்றன, தோட்டத்துக்கு அவைதான் முக்கியம். மூட்டும் தசையும் "உன் கை இங்கே இருக்கிறது, இவ்வளவு பாரம் தாங்குகிறது" என்று மூளைக்குச் சொல்வது ஒன்று. உள்காதின் சமநிலை மற்றொன்று. ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) தருபவர்கள் முதல் வேலையாக இவற்றைத்தான் பேசுவார்கள். ஊஞ்சல், சமநிலைக் கட்டை, மண் வெட்டுவது, தள்ளுவண்டி தள்ளுவது.

எங்கள் எட்டுப் பேரில் ஒருவன் ஏடிஎச்டி. படம் வரைகிற கூட்டங்களில் அவனால் தொல்லை, துரத்திவிடுவோம். வெளியே போய்த் தண்ணீர் சுமப்பான். பத்து லிட்டர் வாளி, பத்துக் கிலோ, கைக்கு ஒன்று. இடைவேளை முழுக்கச் சுமந்துவிட்டு வந்தால் அடுத்த வகுப்பில் ஆள் அமைதி. சொட்டுநீர்க் குழாய் இலவசமாகப் போட்டுத் தருகிறேன் என்று ஒரு பெரியவர் வந்தார். நாங்கள் குதித்தோம், அவன் மட்டும் வேண்டாம் என்றான். ஏன் என்று சொல்லத் தெரியவில்லை, நாங்களும் கேட்கவில்லை. குழாய் வந்தது. அவன் இரண்டு வாரத்தில் தோட்டத்துக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

இன்றைக்கும் எனக்கு உறுத்துவது காற்றுமணி அல்ல, அந்தக் குழாய்.

ஜூன் 5, இரவு 11.50

உங்கள் ஒன்பது பேரிலும் எண்ணிப் பாருங்கள். "அவர்கள் நாலு பேர், நாங்கள் ஒன்பது பேர்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கே ஏடிஎச்டி என்று தெரிந்தது 24 வயதில். நாங்கள் வரைந்த படத்தில் நான் 'நாங்கள்' பக்கம் நின்றேன்.

ஆட்டிசம் உள்ளவர், சமூகவியலாளர் டேமியன் மில்டன் 2012-ல் ஒன்று எழுதினார். புரிந்துகொள்ளாமை இரண்டு பக்கமும் இருக்கிறது, அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால் நமக்கும் அவர்களைப் புரியவில்லை என்பது சாரம். படிக்கும்போது தம்பியின் முகம் ஞாபகம் வந்தது, விழா மேடையில் நான் அவனைக் கையைப் பிடித்து இழுத்த நேரத்து முகம்.

ஆட்டிசம் உள்ள அமெரிக்க விலங்கியல் அறிஞர் டெம்பிள் கிராண்டின் தன் உடலை அழுத்திப் பிடிக்கும் இயந்திரத்தைக் கட்டியது 18 வயதில். மாடுகளை ஊசி போடுவதற்காக நிறுத்தும் கூண்டில் அவை அமைதியாவதைப் பார்த்து, மற்றவர்கள் தொட்டால் தாங்க முடியாத தனக்கு அழுத்தம் மட்டும் வேண்டும் என்று கண்டுபிடித்தார். லிவரும் அவர் கையிலேயே இருந்தது. கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். அந்த நாலு பேரில் ஒருவர் மனதில் இப்போதே ஒரு வரைபடம் இருக்கலாம்.

ஜூன் 7, காலை 9.00

"கேட்டால் பதில் வராதே அக்கா, ஒருவர் பேசவே மாட்டார்" என்கிறீர்கள். பேச்சில்தான் கேட்க வேண்டும் என்று இல்லை. பத்துப் பொருளைத் தட்டில் வைத்துக் கொண்டுபோங்கள்: கற்பூரவல்லி இலை, மரப்பட்டை, ஈரக் களிமண், மணல், கூழாங்கல், பஞ்சு, இப்படி. எதைத் தள்ளுகிறார் என்று பாருங்கள். எடுப்பதைவிடத் தள்ளுவது அதிகம் சொல்லும். இன்னொரு வழி, அவர் பள்ளியில் ஏற்கெனவே எங்கே போய் நிற்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். ஒளிந்திருந்து பார்க்காதீர்கள், சொல்லிவிட்டுப் பாருங்கள்.

பாதையை வளையமாகப் போடுங்கள், முட்டுச்சந்து வேண்டாம். வாசலில் நின்றால் முழுத் தோட்டமும் தெரியட்டும். வெளியேற இரண்டு வழி.

"அமைதி மூலை" என்று பலகை வைக்காதீர்கள். நாங்கள் சிவப்பில் கொட்டை எழுத்தில் வைத்தோம். பள்ளி முழுக்க வந்து எட்டிப் பார்த்தது. தோட்டத்திலேயே அதிகச் சத்தம் அந்த மூலையில்தான்.

ஜூன் 15, இரவு 9.20

நல்லது. தட்டு வேலை செய்ததில் சந்தோஷம். களிமண் தட்டை அந்தப் பையன் திருப்பித் தரவில்லை என்பது நல்ல செய்தி, களிமண்ணுக்கு ஒரு தொட்டி ஒதுக்குங்கள். கை கழுவ இடம் பக்கத்திலேயே இருக்கட்டும், ஒட்டுகிற கையோடு நடக்க முடியாதவரும் இருப்பார்.

விழாவை ரத்து செய்தீர்களா, தள்ளி வைத்தீர்களா என்று எழுதவில்லை. ரத்து செய்யுங்கள். ஒவ்வொருவராக ஒருநாள் வந்து பார்க்கட்டும்.

ஜூன் 19, மாலை 7.05

"நாலாவது ஆள் எங்களையே குழப்பிவிட்டாள் அக்கா. தட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். தோட்டம் வேண்டாமாம். ஒரு பெஞ்ச் போதுமாம், அதுவும் சுவரைப் பார்த்தபடி. பூவைப் பார்த்தபடி போடலாமா என்று இரண்டு தடவை கேட்டோம். சுவர் என்று எழுதிக் காட்டினாள்."

போடுங்கள்.

ஜூன் 19, இரவு 7.40

சுவருக்கும் பெஞ்சுக்கும் எவ்வளவு இடைவெளி என்று என்னை ஏன் கேட்கிறீர்கள்? ஒரு நாற்காலியும் அளவு நாடாவும் எடுத்துக்கொண்டு போங்கள். அவள் உட்காரட்டும், நகர்த்தட்டும், எழுந்தபிறகு அளந்துகொள்ளுங்கள்.